மூக்குத்தி கற்ற குடைச் சின்னம்

மனிதன் தன்னை அறிவுள்ள விலங்கு என்று அறிவித்துக்கொண்டான். அறிவித்தவனும் அவனே, ஆராய்ந்தவனும் அவனே, பரிசு கொடுத்தவனும் அவனே, பெற்றுக்கொண்டவனும் அவனே. அந்த அவைக்கு யானை அழைக்கப்படவில்லை. குரங்கிடம் கருத்துக் கேட்கப்படவில்லை. கரடிக்கு வாக்குரிமை இல்லை. இப்படிப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்ட அறிவாளியின் பெருமைக்குப் பலத்த அடி விழுந்த இடம் மஞ்சனமலை ஊராட்சி. அடித்தது ஒரு யானை. ஆயுதம் ஒரு படம்.

மின்வேலிகள் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட காலம் அது. கம்பியைத் தொட்டு யானைகள் கருகிச் சாவதைக் கண்டு நாடு வெட்கப்பட்டது, வேலியை எடுத்தது. எடுத்தபின், அதே யானைகள் அரிசியைத் தேடி வீட்டுக்குள் தும்பிக்கை நீட்டுவதைக் கண்டு திகைத்தது. நாடு திகைத்து நின்ற நேரத்தில் டாக்டர் ஜெபசீலி என்ற விலங்கியல் ஆராய்ச்சியாளர் ஒளிப்பலகைகளோடு மலையேறி வந்தார்.

காட்டின் ஓரங்களில் மஞ்சள் பலகைகள் நடப்பட்டன. யானைக்கூட்டம் எங்கே நிற்கிறது, எந்தப் பள்ளத்தாக்கில் தீவனம் விளைந்திருக்கிறது என்று வானத்திலிருந்து ஒரு செயற்கைக்கோள் பார்த்துச் சொல்லும். மாலையானதும், அந்தப் பக்கத்துப் பலகையில் ஒரு நீலக் குடை ஒளிரும். குடையை நோக்கி நடந்தால் அங்கே தீவனத்தொட்டி தானாகத் திறந்துகொள்ளும். உள்ளே கரும்பு, புல், உப்பு. பலகையில் குடம் ஒளிர்ந்தால் அங்கே தண்ணீர்.

முதலில் படித்தது மூக்குத்தி. கூட்டத்தின் தலைவி அவள். தும்பிக்கையின் அடியில் வெண்தழும்பு ஒன்று இருந்ததால் தேயிலை பறிக்கும் பெண்கள் வைத்த பெயர் அது. இரண்டே வாரத்தில் அவளுக்குக் குடை விளங்கிவிட்டது. அவளைப் பார்த்து மற்றவை படித்தன. அதன்பின் மாலைதோறும் அந்தக் கூட்டம் பலகையின் முன் நின்ற கோலம், டீக்கடை வாசலில் நாளிதழ் பார்ப்போரின் கோலம். முன்னால் நிற்பதன் முதுகுக்கு மேல் பின்னால் நிற்பது எட்டிப் பார்த்தது. கட்டடம் இல்லை, கட்டணம் இல்லை, பிரம்பு இல்லை. ஆயினும் அந்தப் பள்ளியில் தேர்ச்சி பெறாத மாணவர் ஒருவரும் இல்லை.

மஞ்சனமலையில் தேறாதவர்கள் மனிதர்கள்தாம்.

அங்கே இரண்டு லயன்கள், அதாவது எஸ்டேட்டின் வரிசை வீடுகள், இருந்தன. மேல் லயன், கீழ் லயன். இரண்டிலும் தேயிலைத் தொழிலாளர்கள். பறிப்பது ஒரே செடி. சுமப்பது ஒரே கூடை. வாங்குவது ஒரே கூலி. ஆனால் மேல் லயன்காரர்கள் கீழ் லயனில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். அவர்களைத் தடுத்தது மலையா? மதிலா? இல்லை. சாதி! தேயிலைக்காட்டு அட்டை மட்டும் இரண்டு லயன்களின் இரத்தத்தையும் ஏற்றத்தாழ்வு பாராமல் குடித்தது. மஞ்சனமலையில் சமபந்தி விருந்து அட்டைக்குத்தான் நடந்தது.

எஸ்டேட்டின் தேயிலை ஆலை மூடப்பட்டதும் ஊராட்சித் தலைவர் செண்பகமூர்த்தி ஒரு திட்டம் தீட்டினார். லயன் வீடுகள் குடியிருக்கத் தகுதியற்றவை என்று தீர்மானம் போடுவது, இடிப்பது, அந்த இடத்தில் சுற்றுலா விடுதி எழுப்புவது. தேர்தல் முடிந்ததும் தீர்மானம், தீர்மானம் முடிந்ததும் இடிப்பு. இரண்டு லயன்களும் சேர்ந்து வாக்களித்தால் அவர் தோற்பார். சேரமாட்டார்கள் என்பதே அவருடைய கொள்கை, கோட்பாடு, கூட்டணி எல்லாம். அவரை எதிர்த்துக் கீழ் லயனிலிருந்து நின்றார் முப்பிடாதி. கொழுந்து பறிப்பவர், தொழிற்சங்க மேடையில் பேசிப் பேசிக் குரல் கரகரத்துப்போனவர். செண்பகமூர்த்திக்குக் கிடைத்த சின்னம் பூட்டு. முப்பிடாதிக்குக் கிடைத்தது குடை.

சின்னத்தைச் சுவரில் வரைந்த மறுநாளே அவருடைய அடுப்பங்கரைச் சுவர் இடிந்து கிடந்தது. அரிசிப்பானை வெளியே உருண்டிருந்தது. உள்ளே ஒரு பருக்கை இல்லை. செய்தி கேட்டு ஜெபசீலி ஓடிவந்தார்.

"வாங்க டாக்டரம்மா. ஒங்க மாணவி வந்துட்டுப் போயிருக்கா" என்றார் முப்பிடாதி. "நல்லா வளத்திருக்கீங்க. பானைய ஒடைக்காம அரிசிய மட்டும் எடுத்திருக்கா."

ஜெபசீலி மீதிச் சுவரைப் பார்த்தார். முகம் வெளுத்தது. "அக்கா, இத யாரு நீலத்துல வரையச் சொன்னா?"

"சுவரு மஞ்ச. எஸ்டேட்காரன் அடிச்ச மஞ்சக்காவி. வீட்ல மிச்சம் கெடந்தது நீலம். அதுக்கென்ன?"

"சேப்புல வரைஞ்சிருந்தா இவ்வளவு தெளிவாத் தெரிஞ்சிருக்காது. யானைக்குச் சேப்பும் பச்சையும் ஏறக்கொறைய ஒண்ணுதான். நீலமும் மஞ்சளும்தான் பளிச்சுனு தெரியும்."

"அப்போ கட்சிக்காரன் கட்டுத கொடியில பாதி அது கண்ணுக்கே தெரியாதா? குடுத்துவச்ச பெறவி!" முப்பிடாதி சிரித்தார், சிரிப்பு பாதியில் நின்றது. "அது சரி தாயி. ஒங்க பலகைக்குப் போட ஒலகத்துல வேற படமே இல்லையா?"

ஜெபசீலி தலைகுனிந்தார். "தேர்தல் சின்னங்கள்ல இருந்துதான் எடுத்தோம் அக்கா. எழுத்து தெரியாதவங்க பாத்ததும் புரிஞ்சுக்கணும்னு வரைஞ்ச படங்க. எத்தனையோ தேர்தல்ல சோதிச்சாச்சு. தூரத்துல நின்னாலும் ஒண்ண இன்னொண்ணா நெனைக்க மாட்டாங்க. யானைக்கும் எழுத்து தெரியாதுல்ல, இதைவிடப் பொருத்தமா என்ன இருக்குன்னு..."

"அந்தச் சின்னம் ஒருநா தேர்தலுக்கும் வரும்னு அவ்வளவு பெரிய ஆபீசுல ஒருத்தருக்கும் தோணலையோ?"

"காட்டுக்கு ஏது தேர்தல்னு நெனச்சுட்டோம்."

"நெனைப்பீங்க. காட்டுக்குள்ள எங்களுக்கும் ஓட்டு இருக்குங்கது ஓட்டுக் கேக்க வாரவனுக்கே அஞ்சு வருசத்துக்கு ஒருதடவதான் ஞாபகம் வருது. சரி, வராதேன்னு சொல்லுத படம் ஒண்ணு போட்டுக் காட்டுங்க."

"அதத்தான் இன்னும் கண்டுபிடிக்கல. இருக்குங்கறத வரையலாம், இல்லைங்கறத வரையறது கஷ்டம்."

"எங்க ஊர்ல அதுக்குப் படமே வேண்டாம்" என்றார் முப்பிடாதி. "நான் மேல் லயனுக்குப் போனா கதவப் பாதி சாத்துவாங்க. அப்பவே புரிஞ்சுக்கிடுவேன்."

சின்னத்தை மாற்றித் தருமாறு தேர்தல் அதிகாரியிடம் கேட்டார்கள். வாக்குச்சீட்டு அச்சாகிவிட்டது என்றார் அவர். யானைக்காக வாக்குச்சீட்டை மாற்ற விதியில் இடமில்லை என்றும், விதியில் யானையே இல்லை என்றும் விளக்கினார்.

சந்தைத்திடலில் செண்பகமூர்த்தி ஒலிபெருக்கியைப் பிடித்தார். "தாய்மார்களே! குடைக்குப் போட்டா மழையில நனையாம இருக்கலாம்னு நெனச்சீங்க. குடைக்குப் போட்டா யானை வரும்! நான் சொல்லல, முப்பிடாதி வீட்டு அடுப்பங்கரை சொல்லுது!" திடல் குலுங்கிச் சிரித்தது.

அதோடு நின்றாரா? மஞ்சள் தாளில் நீலக் குடையை அச்சடித்து, ஆள் வைத்து, வீட்டுக்கு வீடு ஒட்டச் சொன்னார். எதிர்வேட்பாளருக்குத் தன் செலவில் சுவரொட்டி அடித்துக் கொடுத்தவர் உலகில் வேறு யார்? கடையெழு வள்ளல்களுக்குப் பின் எட்டாவது வள்ளல் மஞ்சனமலையில் தோன்றினார். ஆனால் வள்ளலின் கூலியாட்கள் உற்சாகத்தில் ஒரு பிழை செய்தார்கள்: மேல் லயனிலும் ஒட்டிவிட்டார்கள். மக்களைப் பிரித்து ஆண்டவருடைய பசைவாளி மட்டும் பாகுபாடு பார்க்கவில்லை.

மூக்குத்தியும் பார்க்கவில்லை. மேல் லயனில் மேஸ்திரியின் மனைவி ஆவுடைத்தங்கத்தின் சமையலறைக்குள் தும்பிக்கை நுழைந்தது. பொன்னி அரிசியும் போயிற்று; போகும் வழியில் சுவரொட்டியும் உரிந்து வாய்க்குள் போயிற்று. மைதாப் பசை! அச்சிட்ட கொள்கை பிடித்ததோ இல்லையோ, ஒட்டிய பசை யானைக்குப் பிடித்திருந்தது.

ஆவுடைத்தங்கம் கீழ் லயனின் எல்லை வரைக்கும் வந்து நின்றார். அதுவே வரலாறு. "ஏளா முப்பிடாதி! ஒன் சின்னத்தால என் சுவரு போச்சு!"

"என் சுவரும்தான் போச்சு மேஸ்திரியம்மா. தேர்தல் முடிஞ்சா மிச்சச் சுவரையும் மனுசனே இடிப்பான். யானையாவது அரிசிய எடுத்துட்டு வீட்ட விட்டுவைக்கும்."

ஆவுடைத்தங்கம் கோபத்தை யார்மேல் இறக்குவது என்று தெரியாமல், சேதம் பார்க்க வந்திருந்த ஜெபசீலியின் பக்கம் திரும்பினார். "நீங்கதான படிக்க வச்சீங்க? மறக்க வைங்க!"

"யானை மறக்காதும்மா. ஆனா நம்புறத நிறுத்தும். பலகையில குடைய எடுத்துட்டேன், இனி அங்க கத்தரிக்கோல்தான் வரும்."

"கத்தரிக்கோல் யாருக்காவது சின்னமா?" என்றார் முப்பிடாதி.

"இந்தத் தடவ கேட்டுட்டுத்தான் போட்டேன் அக்கா. இனிமே குடை இருக்கிற எடத்துல ரெண்டு மூணு தடவ வந்து ஒண்ணும் கெடைக்கலன்னா, இந்தப் படம் பொய் சொல்லுதுன்னு அது முடிவு பண்ணிடும்."

"ரெண்டு மூணு தடவையிலயா?" முப்பிடாதி வாயைப் பிளந்தார். "செண்பகமூர்த்தி மூணு தடவ ஜெயிச்சிருக்காரு. எங்க ஆளுக இன்னும் முடிவு பண்ணலையே தாயி!"

"ஆனா ஒரு வீட்டுலகூட அரிசி இருக்கக்கூடாது. எப்பவாவது ஒருதடவ கெடைச்சாலும் போச்சு. அப்பப்ப கெடைக்கிறதுதான் ரொம்ப நாளைக்கு நம்பவைக்கும்."

"ஆமா. தேர்தலுக்குத் தேர்தல் குடுக்குத சேலை மாதிரி."

அரிசி முழுவதையும் எங்கே வைப்பது? மூடிக்கிடந்த தேயிலை ஆலையின் கல் கட்டடம் ஒன்று இருந்தது, இரும்புக் கதவு, யானையால் அசைக்க முடியாது. வைக்கலாம் என்று இரண்டு லயன்களும் ஒப்புக்கொண்டன. "வச்சுக்கிடலாம். ஆனா மூட்ட தனித்தனியா. பானையும் தனித்தனியா" என்றார் ஆவுடைத்தங்கம்.

"அங்க ஒரே அடுப்புதான இருக்கு" என்றார் முப்பிடாதி. "தேயில காயவச்ச அடுப்பு. வீட்ல கொண்டுபோய்ப் பொங்குனா வாசத்துக்கே மூக்குத்தி வந்துருவா."

"அப்போ யாரு பொங்குவா?"

கேள்வி சிறியது. அதற்கு விடை சொல்லத்தான் இந்த நாட்டில் எத்தனையோ மேடைகள் போடப்பட்டன; எத்தனையோ மாநாடுகள் கூட்டப்பட்டன; எத்தனையோ தீர்மானங்கள் கைதட்டலோடு நிறைவேறிக் கைதட்டலோடு மறைந்தன.

"எந்த லயன் பொங்குன சோறு ஆகாதுன்னு அந்த யானைகிட்டக் கேட்டுட்டு வாங்க மேஸ்திரியம்மா" என்றார் முப்பிடாதி. "அது சொன்னா நாங்க வெலகிக்கிடுதோம்."

யாரோ சிரித்தார்கள். சிரித்தது மேல் லயன் பெண். அவரைப் பார்த்து இன்னொருவர் சிரித்தார். ஆவுடைத்தங்கம் சிரிக்கவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை.

பெண்கள் சுவரொட்டிகளைப் பசையோடு சுரண்டிக் கழுவினார்கள். அந்த இடங்களில் குடையைச் சாயத்தால் வரைந்தார்கள். வேண்டுமென்றே வரைந்தார்கள், இரண்டு லயன்களிலும். யானை வந்து ஏமாந்து போகவேண்டுமே! மேல் லயன் சுவர்களில் கீழ் லயன் வேட்பாளரின் சின்னம் அப்படித்தான் ஏறியது.

ஆலை முற்றத்தில் நடந்த முதல் பந்தியில் மேல் லயன் கிழக்கே உட்கார்ந்தது. கீழ் லயன் மேற்கே. நடுவில் ஒரு வண்டி போகிற அளவுக்கு இடைவெளி. ஆவுடைத்தங்கம் சாம்பாரை முகர்ந்தார்; உப்பு போதாது என்று தீர்ப்பளித்தார்; தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார். அப்போது மிக அருகே ஒரு பிளிறல் எழுந்தது. தட்டோடு எழுந்து அத்தனை பேரும் கட்டடத்தின் உட்புறத்துக்கு ஓடினார்கள். இரும்புக் கதவு சாத்தப்பட்டது. பிளிறல் அடங்கி மீண்டும் உட்கார்ந்தபோது கிழக்கு எது, மேற்கு எது என்று யாருக்கும் நினைவில்லை. ஆவுடைத்தங்கம் முப்பிடாதியின் அருகில் இருந்தார். அச்சத்தில் அவர் சாம்பார்ச் சோற்றில் பாதியை உண்டிருந்தார். உண்டதை அவரே பிறகுதான் கவனித்தார்.

வெளியே மூக்குத்தி சோதனை நடத்திக்கொண்டிருந்தாள். ஜெபசீலியின் காமிராக்கள் அதைக் காட்டின. முதல் வருகையில் ஒவ்வொரு குடையின் கீழும் தும்பிக்கையால் துழாவினாள். அடுத்த வருகையில் வாசலில் நின்று முகர்ந்ததோடு சரி. அதற்கடுத்த வருகையில் குடைகளுக்கு நடுவே, வாக்குறுதிகளுக்கு நடுவே வாக்காளர் நடக்கவேண்டிய விதத்தில், திரும்பிப் பாராமல் நடந்துபோனாள்.

"முடிஞ்சுது அக்கா" என்று ஜெபசீலி மூச்சுவிட்டார். முடியவில்லை.

செண்பகமூர்த்தி வாக்குக்கு அரிசி கொடுத்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சாக்கு, அதில் நீல மையில் பூட்டு முத்திரை. அரிசி அவருடையது, வாக்கு நம்முடையது என்று சில வீடுகளில் வாங்கினார்கள். வாங்கியதைப் பொது அரிசியில் சேர்க்க மனமில்லாமல் கோழிக்கூட்டின் பின்னே ஒளித்தார்கள். இரண்டு கோழிக்கூடுகள் கவிழ்ந்தன. கோழிகள் நலம், சாக்குகள் மாயம். குடையைக் கைவிட்ட மூக்குத்தி சும்மா இருப்பாளா? எந்தப் படத்துக்குப் பின்னால் உண்மையிலேயே உணவு இருக்கிறது என்று எவரும் கற்பிக்காமலே தேடிக் கண்டுபிடித்துவிட்டாள்.

பிரசாரத்தின் கடைசி மாலை. சந்தைத்திடலில் மேடை. பக்கத்திலேயே செண்பகமூர்த்தியின் மரக்கிடங்கு. அதன் கதவில் பெரிய வெள்ளைப் பலகை, பலகையில் நீலப் பூட்டு. பேச்சுக்குக் குறித்த நேரம் மீறப்படுகிறதா என்று பார்க்கத் தேர்தல் அதிகாரியும் வந்திருந்தார். மலைப்பாதையில் ஒரு லாரி ஏறியது. அதன்மேல் தார்ப்பாய் போர்த்தியிருந்தார்கள். காற்று தார்ப்பாயை விலக்கியது. அடுக்கடுக்காய் வெள்ளைச் சாக்குகள் வெளியே தெரிந்தன. லாரிக்குப் பின்னே, ஒழுங்கான அணிவகுப்பாய், மூக்குத்தியும் அவள் கூட்டமும் நடந்தன.

தூரத்தில் எழுந்த கூச்சலை வரவேற்பு என்று எண்ணிய செண்பகமூர்த்தி இரு கைகளையும் கூப்பினார். "பாருங்க! எனக்காகத் திரண்டு வார கூட்டத்தப் பாருங்க!"

பார்த்தார்கள். பார்த்தவர்கள் சந்தைக் கடைகளின் மாடிக்கு ஏறிக்கொண்டார்கள். லாரி ஓட்டுநர் இறங்கி அவர்களுக்கு முன்னே ஏறினார். லாரிச் சாக்குகளில் ஒன்றிரண்டை இழுத்துப் பார்த்த மூக்குத்தி, தலையை உயர்த்தினாள். கிடங்கின் கதவில் அதே படம்! ஒருமுறை பார்த்தாள். முன்காலை ஊன்றித் தலையால் முட்டினாள். கதவு உள்பக்கம் விழுந்தது. கூரை தொட அடுக்கியிருந்த அரிசி, ஊர் அறிய, அதிகாரி அறிய, அத்தனை கைப்பேசிகளும் அறிய, வெளியே சரிந்தது.

யானைகள் வயிறாரத் தின்று காட்டுக்குத் திரும்பும்வரை காத்திருந்த அதிகாரி, மாடியிலிருந்து இறங்கியதும் கேட்டார்: "இந்த அரிசி யாருது?"

"எனக்குத் தெரியாது சார்" என்றார் செண்பகமூர்த்தி. "யாரோ கொண்டாந்து வச்சிருக்காங்க."

"யானைக்குத் தெரியுது, ஒமக்குத் தெரியலையா?" என்று மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது. குரல் ஆவுடைத்தங்கத்துடையது.

குடை வென்றது. இரண்டு லயன்களும் சேர்ந்து போட்ட வாக்கு. லயன் வீடுகள் அவற்றில் வாழ்வோருக்கே உரியவை, இடிக்கப்படமாட்டா என்பதே புதிய ஊராட்சியின் முதல் தீர்மானம்.

சில மாதங்கள் சென்றன. ஜெபசீலி வேறு மலைக்கு மாற்றலாகிப் புறப்படும் நாள் வந்தது. அவர் மனத்தில் ஒரு முள் இருந்தது. கல் கட்டடத்தில் இன்னமும் ஒரே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சுவர்களில் குடைகள் இருக்கும்வரை யானை வரும் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, குடைய யானைங்க எப்பவோ விட்டுடுச்சு. இத ஜனங்ககிட்டச் சொல்லணும்."

முப்பிடாதி கல் கட்டடத்தின் பக்கம் பார்த்தார். "சொன்னா, நாளைக்கே அவுங்கவுங்க அடுப்புக்குப் போயிருவாங்க தாயி. இந்தப் பந்தி கலைஞ்சுரும். பந்தி கலைஞ்சா அடுத்த தேர்தல்ல வீடும் போகும்."

"தெரியும். ஆனா இல்லாத பயத்த இருக்குன்னு சொல்லி ஒண்ணா வச்சிருந்தா, அது வேற ஒரு பூட்டுதானே?"

மூடநம்பிக்கையை எதிர்த்து மேடை மேடையாய்க் குரல் தேய்த்தவர் அந்தச் சொல்லுக்கு என்ன மறுப்புரைப்பார்? "சொல்லிருங்க" என்றார். சொல்லும்போது அவர் குரல் வழக்கத்தைவிடக் கரகரத்தது.

மதியப் பந்தியில் ஜெபசீலி எழுந்து சொன்னார். இனி அவரவர் வீட்டில் அரிசி வைக்கலாம். மலைக்காட்டில் வைக்கவேண்டிய கவனத்தோடு வைத்தால் போதும். குடைக்காக ஒரு யானையும் வராது.

கரண்டியோடு நின்ற ஆவுடைத்தங்கம்தான் முதலில் வாய் திறந்தார்.

"அது எங்களுக்கு முன்னமே தெரியும் டாக்டரம்மா. மூக்குத்தி என் வீட்டுச் சுவத்த ஒட்டி ஒட்டித்தான் போறா. குடைய ஏறெடுத்துப் பாக்கல."

ஜெபசீலி விழித்தார். "தெரியுமா? பின்ன ஏன் இங்கயே...?"

"ஊர்ல இருந்து எங்க ஆளுக வருவாங்கல்லா. கீழ் லயன்காரியோட ஏன் ஒரே பானையில பொங்குதேன்னு கேப்பாங்க. யானைப் பயம்னு சொன்னா வாய மூடிக்கிடுதாங்க." குரலைத் தாழ்த்தினார். "ஒங்க யானை குடைய மறந்தா மறந்துட்டுப் போகட்டும். நீங்க பாட்டுக்கு அத பேப்பர்ல எழுதி எங்க சோத்துல மண்ணப் போட்டுறாதீங்க."

பந்தி வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் எது மேல் லயன், எது கீழ் லயன் என்று பிரித்துச் சொல்ல எந்தச் செயற்கைக்கோளாலும் முடியாது. ஆவுடைத்தங்கம் அடுப்பின் பக்கம் திரும்பி, "மதினி, உப்பு பாருங்க" என்றார். யாரை அழைக்கிறார் என்று முப்பிடாதிக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுப்புப் புகை என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

ஜெபசீலியின் வண்டி மலையிறங்கியபோது பெண்கள் கல் கட்டடத்தின் கதவுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் தளத்தில், தூரத்திலிருந்தும் பளிச்சென்று தெரியும்படி, ஒரு நீலக் குடை. வேலை முடிந்து இரண்டு லயன்களிலிருந்தும் ஆட்கள் அதை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். குடை தெரிந்தால் அங்கே உணவு உண்டு என்ற பாடத்தை யானைகள் கைவிட்டிருந்தன. மஞ்சனமலையின் இன்னொரு பாலூட்டி இனம் இப்போதுதான் அதைப் படிக்கத் தொடங்கியிருந்தது.